முடிந்த ஏலங்களின் விலையைப் பூட்டி வைக்காதீர்கள்

இணைய ஏலத் தளத்தின் நிர்வாகத்தினருக்கு,

முடிந்துபோன ஏலங்களின் விலை விவரங்களை இனி மாதக் கட்டணம் செலுத்தும் வணிக உறுப்பினர்கள் மட்டுமே பார்க்கலாம் என்று அறிவித்திருக்கிறீர்கள். தொப்பி வில்லைகள், பதக்கங்கள், பழைய சின்னங்கள் அடங்கிய பிரிவில் அதை நடைமுறைக்கும் கொண்டு வந்துவிட்டீர்கள். மற்றவர்களுக்கு இப்போது தெரிவதெல்லாம் விற்பவர் கேட்கும் விலைதான். என்ன விலைக்குப் போனது, போனதா இல்லையா, எத்தனை பேர் கேட்டார்கள் என்பதெல்லாம் பூட்டுக்குள் போய்விட்டது. இந்த முடிவைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் வாழ்பவன். சுற்றுவட்டாரத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய பித்தளைச் சின்னங்களைப் பற்றி ஓரளவு விவரம் தெரியும் என்பதால், தகரப் பெட்டியைக் கிளறும்போது எது கிடைத்தாலும் ஊரார் என்னிடம் கொண்டு வருவார்கள். ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகையில் வாளியோடு தொங்கிய எண் வில்லை, ஜாகாவின், அதாவது காவலாளியின், இடுப்புவாரில் இருந்த சின்னம், மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க 1948-இல் அறிவிக்கப்பட்ட அவசரகாலத்தில் காவலுக்கு நின்றவரின் தொப்பி வில்லை, சங்கக் கூட்டத்தில் சட்டையில் குத்திக்கொண்ட பேட்ஜ். "இது என்ன விலை போகும், ஐயா?" என்பது அவர்களின் முதல் கேள்வி. இவ்வளவு காலமும் உங்கள் பக்கத்தைத் திறந்து, இதே வகைச் சின்னம் முன்பு உண்மையில் எந்த விலைக்குப் போனது என்று காட்டிப் பதில் சொன்னேன். இன்று அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர், வேனில் வந்து வீட்டு வாசலில் பேரம் பேசும் வியாபாரி மட்டுமே. அவர் உங்களுக்கு மாதக் கட்டணம் கட்டுகிறார். எண்பது வயது மூதாட்டி கட்டவில்லை. பேரத்தில் ஒரு பக்கத்தாருக்கு மட்டும் விலைப்பட்டியலைக் கொடுத்துவிட்டு நீங்கள் நடுநிலை பேச முடியாது.

சின்னங்களின் விலை அரிசி, சீனி விலை போன்றதன்று என்பது எனக்குத் தெரியும். அது புதிராகத்தான் இருக்கும். எஃப்.எம்.எஸ். (பிரிட்டிஷார் காலத்து மலாய்க் கூட்டரசு மாநிலங்கள்) ரயில்வேயின் தொப்பிச் சின்னம் ஒன்று உங்கள் தளத்தில் 70 வெள்ளிக்கு (ரிங்கிட்) போனது. அதைவிடத் தேய்ந்துபோன இன்னொன்று மறுமாதமே 420 வெள்ளிக்குப் போனது. பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும். ஆனால் ஏல விவரத்தைத் திறந்து பார்த்தால் காரணம் பளிச்சென்று தெரிந்தது. உங்கள் தளத்தில் ஒருவர் தம் உச்ச விலையை முன்கூட்டியே பதிந்து வைக்கலாம். போட்டிக்கு ஆள் வரும்போது மட்டும் தளமே அவர் சார்பில் சிறிது சிறிதாக விலையை ஏற்றிக்கொண்டு போகும். ஆகவே கடைசி விலையைத் தீர்மானிப்பவர் இரண்டாவதாக வந்து தோற்றவர்தான். முதல் ஏலத்தில் அந்தச் சின்னம் வேண்டும் என்று நினைத்தவர் ஒருவரே இருந்தார். அடுத்ததில் இருவர் விடாப்பிடியாக நின்றார்கள். வேறு மர்மம் ஒன்றுமில்லை.

அதே காரணத்தால்தான், தோட்டத்துத் துரைமார் தங்கள் கார்களின் முன்புறத்தில் மாட்டியிருந்த மோட்டார் சங்கச் சின்னங்களுக்குப் பல நூறு வெள்ளி கிடைக்கிறது. பழைய கார்ப் பிரியர்கள் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். பால்மரம் சீவியவரின் எண் வில்லைக்குப் பதினைந்து வெள்ளி கொடுக்கவும் ஆள் வருவதில்லை. மனத்துக்குக் கசப்பாக இருந்தாலும் அதில் மோசடி எதுவும் இல்லை. எத்தனை பேர் விரும்புகிறார்கள் என்பதைப் பொறுத்தது விலை. ஆனால் அந்த இரண்டாவது ஆள் உண்மையான ஆள்தானா, அல்லது விற்பவரே ஏவிவிட்ட ஆளா என்பதை ஏல விவரத்தைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் பூட்டியது அதைத்தான்.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) நடந்ததைச் சொல்கிறேன். இங்கே ஓர் அம்மா இருக்கிறார். அவருடைய கணவர் அவசரகாலத்தில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாகத் தோட்டக் காவலில் இருந்தவர். அந்தப் படையில் மலாய்க்காரர்களே மிகப் பெரும்பாலோர், தமிழர்களும் இருந்தார்கள். கணவர் இறந்த பின் தொப்பி வில்லை, விசில், தோல்வார் மூன்றையும் அம்மா பெட்டியில் வைத்திருந்தார். வேனில் வந்த ஒரு வியாபாரி மூன்றுக்கும் சேர்த்து 50 வெள்ளி கொடுத்தார். "இதையெல்லாம் இப்போது யாரம்மா வாங்குகிறார்கள்?" என்றாராம். சுவரில் மாட்டியிருந்த படத்தையும் பழைய அடையாள அட்டையையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போனார்.

சில நாட்களில் அந்த வில்லை உங்கள் தளத்தில் வந்தது. பக்கத்தில் சீருடையோடு கணவரின் படம். அடையாள அட்டையும் எண் தெரியும்படி இருந்தது. தொடக்க விலை 1,200 வெள்ளி. யாரும் கேட்கவில்லை. ஈப்போவில் வேலை பார்க்கும் பேத்தி கண்ணில் அது பட்டது. அதே வில்லைதான் என்பதில் ஐயமே இல்லை. கொக்கி உடைந்தபோது தாத்தாவே ஈயப்பற்று வைத்து ஒட்டிய இடம் பின்பக்கப் படத்தில் தெளிவாகத் தெரிந்தது. பிறகு அதே வில்லை ஒரு வெள்ளித் தொடக்க விலையில் மறுபடியும் ஏலத்துக்கு வந்தது. தாத்தாவின் பொருளை மீட்டுவிடலாம் என்று பிள்ளைகள் பணம் சேர்த்துக் கேட்டார்கள். இதற்கு முன் எதையும் வாங்கியோ விற்றோ இராத ஒரு கணக்கு, இவர்கள் கேட்கும்போதெல்லாம் பத்துப் பத்து வெள்ளி கூட்டிக்கொண்டே வந்தது. 630-இல் இவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். 640-க்கு அந்தக் கணக்கு வென்றது.

மறுநாளே பேத்திக்கு ஒரு செய்தி வந்தது. வென்றவர் பின்வாங்கிவிட்டாராம். நீங்கள் கேட்ட 630 வெள்ளிக்கே எடுத்துக்கொள்ளலாமாம். வாங்க விரும்புபவர் எதுவரை போவார் என்று ஆழம் பார்த்துவிட்டு அந்த விலையிலேயே அவர் தலையில் கட்டும் வழி இது. ஏலத் தளங்களில் நெடுநாளாக நடந்துவரும் தந்திரம், உங்களுக்குத் தெரியாததன்று. பிள்ளைகள் மறுத்துவிட்டார்கள். உங்களிடம் முறையிட்டார்கள். "ஏலக் கேள்விகள் அனைத்தும் செல்லத்தக்கவை" என்று இயந்திரம் எழுதிய ஒரு வரி பதிலாக வந்தது. அந்த வில்லை மூன்றாம் முறையும் ஏலத்துக்கு வந்தது. இம்முறை வருணனையில், "கடைசியாக விற்ற விலை 640 வெள்ளி" என்று பெருமையாக எழுதியிருந்தது. நடக்காத விற்பனை, விலைக்குச் சான்றாகிவிட்டது. இதைத்தான் நீங்கள் ஆழ்ந்து யோசிக்க வேண்டும். முன்பாவது பழைய பக்கத்தைத் திறந்து, அந்த விற்பனை முறிந்துபோனது என்று எவரும் காட்டலாம். இப்போது விற்பவரின் வாய்ச்சொல் மட்டும் எல்லோருக்கும் தெரிகிறது. அதைப் பொய் என்று மெய்ப்பிக்கும் பதிவு கட்டணத்துக்குப் பின்னால் இருக்கிறது.

எல்லா வியாபாரிகளையும் நான் குறை சொல்லவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோதும், வீடமைப்புக்காகத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் இடிக்கப்பட்டபோதும், பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போயிருக்க வேண்டிய எத்தனையோ பொருள்களைக் காப்பாற்றியவர்கள் அவர்களிலும் இருக்கிறார்கள். நேர்மையான வியாபாரிக்கு வெளிச்சத்தால் நட்டமில்லை.

எங்கள் ஊர்ப் பெயருக்கே உங்கள் தளத்தில் ஒரு விலை உண்டு. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் அருகில் இரண்டு தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது. ஆகவே "சுங்கை சிப்புட், 1948" என்று எழுதினால் எந்தப் பித்தளைத் துண்டுக்கும் மவுசு ஏறிவிடுகிறது. எஃப்.எம்.எஸ். என்ற எழுத்துகள் பொறித்த ஒரு சின்னம் அந்தப் பெயரில் ஏலத்துக்கு வந்தது. அதன் மகுடம் நடுவில் பள்ளமாக வளைந்த மகுடம், அதாவது எலிசபெத் அரசியார் 1952-இல் பட்டத்துக்கு வந்த பின் வழக்கத்துக்கு வந்த வடிவம். அதற்கு முந்திய மன்னர்கள் காலச் சின்னங்களில் மகுடத்தின் உச்சி உருண்டு மேலெழும்பி இருக்கும். எஃப்.எம்.எஸ். என்ற கூட்டரசோ 1946-இல் மலாயன் யூனியன் வந்ததோடு முடிந்துபோனது. இல்லாத அரசுக்கு வராத அரசியின் மகுடம்! அதற்கும் நூற்றுக்கணக்கில் விலை கேட்டார்கள். தமிழகத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் கழுத்தில் கட்டிய தகர வில்லையை "மலாயாக் கித்தாத் (ரப்பர்) தோட்டக் கூலிச் சின்னம்" என்று விற்றதையும் பார்த்தேன். யாருடைய கழுத்தில் தொங்கியதோ, அவருடைய நாட்டையும் மாற்றிவிட்டார்கள்.

இத்தகைய போலிகளைப் பிடிக்க எங்களுக்கு இருந்த ஒரே கருவி உங்கள் பழைய ஏலங்களின் படங்கள்தான். அச்சில் வைத்து அடித்த அசல் சின்னத்தில் எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கும். அசலை வைத்து வார்ப்பெடுத்தால் உலோகம் ஆறும்போது சுருங்குவதால் நகல் ஒரு மயிரிழை சிறியதாகிவிடும். எழுத்துகள் மழுங்கும், பரப்பில் நுண்குழிகள் விழும். எல்லாவற்றையும்விட உறுதியான சான்று ஒன்று உண்டு. ஒரு சின்னம் பயன்பாட்டில் கீழே விழுந்து வாங்கிய அடி அதற்கு மட்டுமே உரியது. அதே இடத்தில் அதே அடியோடு இன்னொரு சின்னம் வந்தால், இரண்டும் ஒரே தாயிலிருந்து வார்த்த நகல்கள், அல்லது ஒன்று மற்றொன்றின் நகல். இந்திய தேசிய இராணுவத்தின் பெயரில் விற்கப்பட்ட ஒரு பித்தளைச் சின்னத்தை அப்படித்தான் கண்டுபிடித்தோம். வெவ்வேறு விற்பனையாளர்கள், வெவ்வேறு மாதங்கள், ஆனால் கீழ் ஓரத்தில் அதே சிறு நசுங்கல். பழைய படங்களை அருகருகே வைத்துப் பார்க்க முடியாவிட்டால் ஒவ்வொன்றும் அசலாகவே தோன்றியிருக்கும்.

அந்தச் சின்னங்கள் ஏன் அரிதாயின என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்த பின் அந்த இராணுவத்தில் எங்கள் தோட்டத்து இளைஞர்களும், ஜான்சி ராணிப் படையில் எங்கள் பெண்களும் சேர்ந்தார்கள். 1945-இல் பிரிட்டிஷார் திரும்பியபோது பயத்தில் பலர் எல்லாவற்றையும் எரித்தார்கள், புதைத்தார்கள். 1948-இல் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனம் பதிவு நீக்கப்பட்டது. அதன் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அப்படிப்பட்ட காலத்தில் சங்க பேட்ஜை எந்தக் குடும்பம் வீட்டில் வைத்திருக்கும்? இன்று ஒன்று வெளியே வருகிறதென்றால், யாரோ ஒரு தாய் உயிரைப் பணயம் வைத்து ஒளித்து வைத்திருந்தாள் என்று பொருள். இவ்வளவு அரிதான பொருளுக்குச் சந்தை விலை என்று ஒன்று உருவாவதே கடினம். பல ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரேயொரு நேர்மையான ஏலம்தான் அந்தக் குடும்பத்துக்குக் கையில் இருக்கும் ஒரே அளவுகோல். அதைத்தான் அவர்களிடமிருந்து பிடுங்கியிருக்கிறீர்கள்.

ஏலம் எங்களுக்குப் புதிதன்று. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் அம்மனுக்குச் சாத்திய எலுமிச்சம்பழத்தை ஏலம் விடுவார்கள். ஐம்பது காசுப் பழம் ஐந்நூறு வெள்ளிக்கும் போகும். வெளியாருக்கு அது பெரிய புதிர். களத்தில் நிற்கும் எங்களுக்கு அதில் புதிரே இல்லை. கேட்டவர் யார், எதிர்த்துக் கேட்டவர் யார், யார் வீட்டில் நெடுநாள் கழித்துக் குழந்தை பிறந்திருக்கிறது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். "ஒரு தரம், இரண்டு தரம்" என்று நிறுத்தி, இன்னும் கேட்க ஆள் உண்டா என்று பார்த்த பிறகே மூன்றாம் தரம் சொல்வார்கள். கோயில் தலைவர் தம் மைத்துனரைக் கூட்டத்தில் நிறுத்தி விலையை ஏற்றினால் அன்றைக்கே சபையில் கேள்வி எழும். விலை எவ்வளவு உயர்ந்தாலும் மக்கள் ஏற்றுக்கொள்வதற்குக் காரணம், அது அவர்கள் கண்முன்னால் உயர்ந்தது.

தனியுரிமைக்காகத்தான் விவரங்களை மறைத்தோம் என்று உங்கள் அறிவிப்பில் ஒரு வரி இருக்கிறது. கட்டணம் கட்டியவருக்குக் காட்டும்போது தனியுரிமை எங்கே போகிறது? மறைந்த ஒருவரின் அடையாள அட்டை எண்ணை ஊர் பார்க்க விட்டிருந்தபோது அந்த அக்கறை எங்கே இருந்தது? மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளைப் பற்றிய பொய் வருணனையைத் தடை செய்கிறது. ஏமாந்த பயனீட்டாளர் மூன்று ஆண்டுகளுக்குள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். போகிறவர் கையில் ஆதாரம் வேண்டுமே. அந்த ஆதாரம் உங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆகவே கேட்கிறேன்.

முடிந்த ஏலங்களை எல்லோருக்கும் கட்டணமின்றித் திறந்து விடுங்கள். தொடக்க விலை, ஏலக் கேள்விகளின் வரிசை, முடிந்த விலை, தேதி, படங்கள் அனைத்தும் குறைந்தது மூன்று ஆண்டுகள் அங்கே இருக்க வேண்டும். கேட்டவர்களின் பெயரை மறைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒவ்வொரு கணக்குக்கும் மாறாத ஒரு குறியீட்டைக் கொடுங்கள். ஒரே விற்பனையாளரின் ஏலங்களில் மட்டும் தலைகாட்டி, ஒருபோதும் எதையும் வாங்காத கணக்கை அப்போது எவரும் அடையாளம் காண முடியும். பணம் செலுத்தப்படாமல் முறிந்த விற்பனையை "விற்றது" என்று காட்டாதீர்கள். திரும்பத் திரும்ப ஏலத்துக்கு வரும் பொருளின் முந்தைய பக்கங்களை அதனோடு இணைத்துக் காட்டுங்கள்.

சின்னங்களை விற்பவர் எடை, அளவு, பின்பக்கப் படம், ஓரத்தின் படம் நான்கையும் கட்டாயம் தர வேண்டும் என்று விதி வையுங்கள். பின்னாளில் செய்த நகல் என்றால் அது தலைப்பிலேயே தெரிய வேண்டும். குறிப்பிட்ட ஓர் ஊரையோ நிகழ்ச்சியையோ பொருளோடு இணைத்து விற்பவரிடம் அதற்கு ஆதாரம் கேளுங்கள். ஆதாரம் இல்லையென்றால் ஊர்ப் பெயரை நீக்கச் சொல்லுங்கள். எங்கள் ஊர்ப் பெயரிலிருந்தே அதைத் தொடங்கலாம்.

கடைசி நொடியில் ஓர் ஏலக் கேள்வி வந்து விழுந்தால் ஏலத்தைச் சில நிமிடங்கள் நீட்டுங்கள். மென்பொருளை வைத்துக் கடைசி நொடியில் விலை கேட்பவருக்கும், கைப்பேசியில் தடுமாறித் தட்டச்சு செய்யும் முதியவருக்கும் அப்போதுதான் சம வாய்ப்புக் கிடைக்கும்.

அடையாள அட்டை தெரியும் படங்களை இன்றே நீக்குங்கள். குடும்பத்தாரின் ஒப்புதல் இல்லாமல் இறந்தவரின் படத்தை விற்பனைக்குப் பயன்படுத்துவதைத் தடை செய்யுங்கள். விற்பவரே ஆள் வைத்து விலையை ஏற்றுகிறார் என்று வரும் புகாரை மனிதர் ஒருவர் படித்து, பதினான்கு நாட்களுக்குள் காரணத்தோடு பதில் எழுதட்டும். நான் மேலே சொன்ன அந்தத் தொப்பி வில்லையின் மூன்று ஏலங்களையும் மறுபடி ஆராய்ந்து, முடிவை அந்தக் குடும்பத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். உங்களிடம் அவர்களின் புகார் எண் இருக்கிறது. ஆய்வு முடியும்வரை அந்த வில்லை மறுபடி விற்பனைக்கு வராமல் நிறுத்தி வையுங்கள்.

இந்த மடலுக்கான பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். கட்டணம் பற்றிய அறிவிப்பை வெளியிட்ட அதே முகப்பில், மலாயிலும் தமிழிலும், எல்லோரும் படிக்கும்படி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்,
சுங்கை சிப்புட், பேராக்